இளையோர் நாவலில் கொடுங்கோல் நாடும் மாயமும்: இரண்டையும் எப்படி இணைப்பது?

வினா: குழித்துறை வாசகி

அனைவருக்கும் வணக்கம். 13 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக டிஸ்டோபியா வகையில் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கொடுங்கோல் ஆட்சியின் கீழ் வாழும் எதிர்காலச் சமூகத்தைப் பற்றிய கதையாகத் தொடங்கியது, எழுத எழுத மாயமும் சேர்ந்து மிகுபுனைவாக வளர்ந்துவிட்டது. கதை நம் கன்னியாகுமரி மாவட்டத்தில்தான் நடக்கிறது. கடல் ஏறிக் கரையோர ஊர்களெல்லாம் நீருக்குள் போய்விட்ட பிற்காலம் அது. எஞ்சியவர்கள் மலையோரத்துக்கு ஒதுங்கிவிட்டார்கள். பேச்சிப்பாறை அணையின் மதகுகளைக் கைப்பற்றி வைத்திருக்கும் ‘மதகர்’ என்ற கூட்டத்தார் அவர்களை ஆள்கிறார்கள். மாத்தூர் தொட்டிப்பாலத்தின் வழியே ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்குத் தண்ணீர் வர வேண்டுமானால், மக்கள் தங்கள் நிழலில் ஒரு பங்கை வரியாகக் கொடுத்தாக வேண்டும். அந்த நிழலை ஊற்றினால்தான் மதகு திறக்கும்.

14 வயது நிறைந்த ஒவ்வொருவரையும் விடியற்காலையில், நிழல் நீண்டு கிடக்கும் நேரத்தில் வரிசையாக நிறுத்தி, ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதைப் போல நிழலைச் சாய்வாகக் கீறிச் சிரட்டையில் வடித்தெடுப்பார்கள். கதைத்தலைவியான அல்லிக்கு மட்டும் வெட்டிய நிழல் மீண்டும் வளர்கிறது. அந்த ஆற்றலைக் கொண்டு அவள் மதகரை வீழ்த்துவதுதான் கதை.

கைப்பிரதியை வாசித்த தோழிகள் சொன்ன குறைகள் என்னை யோசிக்க வைத்திருக்கின்றன. முதல் 40 பக்கங்களில் நாட்டின் வரலாற்றையும் சட்டத்தையும் விளக்கிவிட்டுத்தான் கதைக்குள் போகிறேன். அதுவரை ஒன்றும் நடக்கவில்லை என்கிறார்கள். அல்லியின் ஆற்றல் அவளைக் காப்பாற்றுவதற்காகவே நான் கையில் கொடுத்த ஆயுதம் போல இருக்கிறது என்கிறார்கள். கதையை அல்லியே சொல்வதா, வெளியிலிருந்து நான் சொல்வதா என்பதிலும் எனக்குத் தெளிவில்லை. இந்த வகை நாவல்களை ஊன்றி வாசித்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: தக்கலை ஆசிரியர்

உங்கள் சட்டம் வலுவானது, அம்மா. ஆனால் அது இன்னும் நாட்டின் சட்டமாகவே நிற்கிறது; ஒரு வீட்டின் வரவு செலவுக் கணக்காக அதை மாற்றிவிட்டால் அந்த 40 பக்கங்களும் தேவைப்படாது.

சூசன் காலின்ஸ் 2008-இல் வெளியிட்ட ‘தி ஹங்கர் கேம்ஸ்’ நாவலில் இதை அவர் எப்படிச் செய்திருக்கிறார் என்று பாருங்கள். சாகும்வரை போரிடும் ஒரு விளையாட்டுக்குப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கும் நாடு அது. 12 வயதாகும் பிள்ளையின் பெயர் குலுக்கல் சீட்டில் ஒரு முறை எழுதப்படுகிறது; ஆண்டுக்கு ஒன்றாக அது 18 வயது வரை கூடுகிறது. வீட்டில் பட்டினி என்றால், ஒருவருக்கு ஓராண்டுக்கான தானியமும் எண்ணெயும் வாங்கிக்கொண்டு, ஈடாகத் தன் பெயரை இன்னொரு முறை எழுதிக் கொடுக்கலாம். தனக்கும் தாய்க்கும் தங்கைக்குமாக ஆண்டுதோறும் மூன்று பங்கு வாங்கிய கதைத்தலைவி காட்னிஸுக்கு 16 வயதில் 20 சீட்டுகள் சேர்ந்துவிடுகின்றன. ஐந்து பேர் உள்ள குடும்பத்தைத் தாங்கும் அவள் நண்பன் கேலுக்கு 18 வயதில் 42. ஏழை வீட்டுப் பிள்ளையே சாவுக்கு அருகில் நிற்கிறது என்று ஆசிரியர் முழங்க வேண்டியதில்லை. வாசிக்கும் பிள்ளை தானே விரல்விட்டுக் கூட்டிப் பார்த்துத் திடுக்கிடும். உலகக் கட்டமைப்பு என்று நாம் சொல்வது இத்தகைய கணக்குகளால் ஆனதுதான்.

உங்கள் நிழல் வரியிலும் அப்படி ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. நண்பகலில் எல்லோருடைய நிழலும் காலடியில் சுருண்டு கிடப்பதால் யார் எவ்வளவு இழந்தார் என்பது தெரியாது; காலையிலும் மாலையிலும்தான் வேறுபாடு வெளிப்படும். ஆகவே நிழல் குறைந்த குடும்பங்கள் வெயில் சாய்ந்த பிறகு சந்தைக்குப் போகக் கூசுவார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வேண்டுமென்றே மாலை நான்கு மணிக்கு மேல் வருவார்கள். அல்லியின் அப்பா தம்முடைய பங்குக்கு மேல் மகளுக்காகவும் வெட்டுக் கொடுத்து, ஐந்தரை மணி வெயிலிலும் முழங்கால் அளவு நிழலே விழும் மனிதராக இருக்கலாம். இவற்றில் ஒன்றை முதல் பக்கத்தில் வையுங்கள். அணை எப்போது கைப்பற்றப்பட்டது, மதகர் எங்கிருந்து வந்தனர் என்பதையெல்லாம் அல்லிக்குத் தேவைப்படும்போது, தேவைப்படும் அளவுக்கு மட்டும் அவள் வழியாகத் தெரிவித்தால் போதும். தான் பிறந்து வளர்ந்த நாட்டை ஒரு பிள்ளை தனக்குத்தானே விளக்கிக்கொள்ளாது அல்லவா?

யார் சொல்வது என்ற கேள்விக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் இவ்வகை நாவல்கள் பலவும் தன்மைக் கூற்றில், நிகழ்காலத்தில் எழுதப்படுகின்றன. கதை சொல்பவள் பிழைப்பாளா என்ற ஐயம் கடைசி வரை நீடிக்க அது உதவுகிறது. தமிழில் ‘நான் ஓடுகிறேன், நான் திரும்பிப் பார்க்கிறேன்’ என்று 200 பக்கங்களுக்கு இழுத்தால் நாடக நிகழ்ச்சிக்கு நேர்முக வருணனை கொடுப்பது போல ஆகி அலுத்துவிடும் என்பது என் எண்ணம். அல்லியே சொல்லட்டும், ஆனால் இறந்தகாலத்தில் சொல்லட்டும். அவள் யாரிடம், எந்த வயதில், எந்த நிலைமையில் இருந்துகொண்டு சொல்கிறாள் என்பதை மட்டும் நீங்கள் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். மதகரின் விசாரணை அறையில் வாக்குமூலமாகச் சொல்கிறாள் என்று வைத்துக்கொண்டால், அவள் எதை மறைக்கிறாள் என்ற கேள்வியே நாவல் முழுவதையும் இழுத்துச் செல்லும்.

மறுமொழி: குலசேகரம் பால்வெட்டு

எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாக ரப்பர் வெட்டுக்குப் போகிறது. நிழலை வெட்டி வடிப்பது என்ற கற்பனையை வாசித்ததும் எனக்கு மெய்யாகவே சிலிர்த்தது. அந்தத் தொழிலை இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தீர்களானால், அல்லியின் ஆற்றல் பற்றிய உங்கள் சிக்கலுக்கு விடை அதிலேயே கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

வெட்டு ஏன் விடியுமுன் நடக்கிறது என்றால், குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்து நின்றுவிடும். கீறல் இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கமாகக் கீழே சரியும். பட்டைக்குள் பால் ஓடும் குழல்கள் சற்றே சாய்ந்திருப்பதால் அப்படி வெட்டினால்தான் அதிகக் குழல்கள் அறுபடும். கத்தி பட்டையோடு நிற்க வேண்டும். ஆழமாகப் போய்த் தடியைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முடிச்சு முடிச்சாக ஆறும், பிறகு அங்கே சீராக வெட்ட முடியாது. கைத்திறன் உள்ள வெட்டுக்காரர் மரத்தில் காயம் விழாமல் பட்டையை நூலாகச் சீவி எடுப்பார். ஒரு நாள் வெட்டினால் மறுநாள் விட வேண்டும். பேராசைப்பட்டு நாள்தோறும் வெட்டினால் கொஞ்ச காலத்தில் பட்டை வறண்டு ஒரு சொட்டுக்கூட வராது. மரம் பச்சையாகத்தான் நிற்கும், ஆனால் பால் இராது.

மாயத்துக்கு விதியும் விலையும் வேண்டும் என்று சொல்கிறார்களே, உங்களுக்கு அவை இரண்டும் இங்கே தயாராக இருக்கின்றன. நிழல் வெட்டுவோரில் நல்ல கையும் கெட்ட கையும் உண்டு. இடைவெளி விடாமல் வெட்டினால் ஆள் உயிரோடு நடமாடுவார், நிழல் மட்டும் இனி ஒருநாளும் விழாது. அல்லியின் தெருவில் அப்படி நாலு பேர் இருந்தால், வாசிக்கும் பிள்ளைக்கு அச்சம் தானாகவே வந்துவிடும்.

இன்னொன்று இதைவிட முக்கியமானது. வெட்டிய பட்டை மீண்டும் வளரும். சில ஆண்டுகள் கழித்து அந்தப் புதுப்பட்டையில்தான் மறுபடியும் கத்தி வைப்போம். அதாவது, வளரும் தன்மை மரத்தைக் காப்பாற்றுவதில்லை. அதனால்தான் மரம் தொடர்ந்து வெட்டப்படுகிறது. அல்லியின் நிழல் வளர்கிறது என்ற செய்தி மதகர் காதுக்கு எட்டினால் அவர்கள் அஞ்ச மாட்டார்கள், மகிழ்ந்து போவார்கள். தோட்டத்திலேயே நல்ல மரம் அவள்தான். அவளை மணிமாளிகையில் வைத்து, நல்ல சோறு போட்டு, நாள்தோறும் வெட்டுவார்கள். அவளுடைய நிழல் கிடைப்பதால் மற்றவர்களின் வரியைக் குறைத்துவிடுகிறோம் என்று அறிவிக்கவும் செய்வார்கள். அப்போது ஊரே அவள் அங்கே இருக்கட்டும் என்று விரும்பத் தொடங்கும். ஆற்றல் அவளுக்கு ஆயுதமாக இல்லாமல் கண்ணியாக மாறுகிறது, கதையும் அங்கே திருகிக்கொள்கிறது.

டிஸ்டோபியாவும் மிகுபுனைவும் உங்கள் கதையில் ஒட்டாமல் நிற்பதற்குக் காரணம், ஆட்சி ஒரு பொறியாகவும் மாயம் இன்னொரு பொறியாகவும் இயங்குவதுதான் என்று எனக்குப் படுகிறது. மாயம் எதுவோ அதைக் கொண்டே ஆட்சி நடக்க வேண்டும். ஆட்சி எதைத் தின்று வாழ்கிறதோ அதுவே அல்லியின் உடம்பிலும் ஊற வேண்டும்.

குழித்துறை வாசகி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அல்லியின் நிழலுக்காக ஊரின் வரி குறைக்கப்படுவது எனக்குத் தோன்றவே தோன்றாத திருப்பம். நடுப்பகுதி முழுவதையும் அதன்மேல் கட்டலாம் என்று இப்போது தெளிவாகத் தெரிகிறது. இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. வரி, உடல், அவமானம் என்று கதை போவதால் திருவிதாங்கூர்க் காலத்து நிகழ்ச்சிகளை வாசகர்கள் உடனே நினைப்பார்கள். அந்த ஒப்புமையை வெளிப்படையாகக் கொண்டுவரலாமா? நாவலின் முடிவில் அல்லி அணையை உடைப்பதாக வைத்திருக்கிறேன். அது பொருந்துமா?

மறுமொழி: அகத்தீஸ்வரத்து அக்கா

தங்கச்சி, வரலாற்றை ஆடை மாற்றி அப்படியே அரங்கேற்றாதீர்கள். அது எப்படி இயங்கியது என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மண்ணில் தலைவரியும் கூலியில்லா ஊழியமும் இருந்தன. பெண்கள் மாராப்பு அணிவதற்கே போராட வேண்டியிருந்தது. 1859 ஜூலை 26-இல் வெளியான அரசாணை, சாணார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ள இசைவு தந்தது, ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக் கூடாது என்ற தடையையும் கூடவே வைத்தது. கொடுப்பது போலக் கொடுத்து வேற்றுமையைக் காப்பாற்றிக்கொள்ளும் இந்தத் தந்திரம் எந்தக் கொடுங்கோலுக்கும் பொருந்தும். குலசேகரத்துத் தம்பி சொன்ன வரிக்குறைப்பு அறிவிப்பில் இப்படி ஒரு வாசகத்தைச் சேருங்கள்: வெட்டு நிறுத்தப்பட்ட குடும்பத்தாரும் மாலை வெயிலில் மதகரின் நிழலுக்கு முன்னால் தம் நிழல் விழும்படி நிற்கக் கூடாது. மக்கள் கொண்டாடிக்கொண்டிருக்கும்போது அந்த ஒற்றை வரியைப் படித்துவிட்டு வாயடைத்து நிற்பவளாக அல்லி இருக்கட்டும்.

நிழல் என்றதும் எங்கள் பக்கத்து வாசகர்கள் அய்யாவழி மக்களின் வழிபாட்டிடங்களான நிழல் தாங்கல்களை நினைப்பார்கள் என்பதையும் நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டும். அங்கே கருவறையில் நிலைக்கண்ணாடி இருக்கும். வழிபடுபவர் அதில் தம்மையே காண்பார். ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு நிற்பார்கள். தலைப்பாகை மறுக்கப்பட்டவர்கள் வழிபாட்டிலேயே அதைக் கட்டிக்கொண்டது எத்தனை பெரிய செயல் என்பதை எண்ணிப் பாருங்கள். 1841-இல் எழுதப்பட்ட அவர்களின் புனித நூலான அகிலத்திரட்டு அம்மானை, கொடுமை செய்யும் மன்னனைக் கலிநீசன் என்று அழைத்து, கலி அழிந்து தர்மயுகம் பிறக்கும் என்று பாடுகிறது. ஒடுக்கப்பட்டவர்கள் தங்கள் நிகழ்காலத்தை மாயக்கதையின் சட்டகத்தில் வைத்துப் புரிந்துகொண்ட மரபு நம்மிடம் 180 ஆண்டுகளுக்கு முன்பே எழுத்தில் இருக்கிறது. அது இன்றும் பலருக்கு உயிருள்ள நம்பிக்கை. ஆகவே அதிலிருந்து பெயர்களையும் சின்னங்களையும் அலங்காரத்துக்காக எடுக்காதீர்கள். நிமிர்ந்து நிற்கும் உரிமையை உடம்பால் காட்டுவது என்ற கருவை எடுத்துக்கொள்ளுங்கள், அது எல்லோருக்கும் பொது.

தம்பியின் கருத்தோடு ஓரிடத்தில் மாறுபடுகிறேன். மாயம் முழுவதும் விதிக்குக் கட்டுப்பட்ட பொறியாகிவிட்டால் வாசிக்கும் பிள்ளைக்கு வியப்பு என்பதே இல்லாமல் போகும். ஏதாவது ஒன்று மதகருக்கும் பிடிபடாமல், அல்லிக்கும் புரியாமல் இருக்க வேண்டும். நீரில் விழும் நிழலை ஏன் வெட்ட முடியவில்லை என்பதை நீங்கள் கடைசி வரை விளக்காமலே விடலாம்.

கடலைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். கடல் ஏறி ஊர்கள் மூழ்கின என்று ஒரு வரியில் கடந்து போகிறீர்கள். 2004 டிசம்பர் 26-இல் குளச்சலிலும் கீழமணக்குடியிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் நம்மிடையே இருக்கிறார்கள். ஒக்கிப் புயலில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகளும் இருக்கின்றன. மனிதரின் பாவத்துக்குக் கடல் தந்த தண்டனை என்ற தொனி உங்கள் நாவலில் எங்கும் வரக் கூடாது. மதகர் அப்படிப் பரப்பலாம், ஏனென்றால் அது அவர்களுக்கு உதவும். கரையிலிருந்து ஏறி வந்த ஒரு குடும்பமாவது அதை மறுத்துப் பேசட்டும். அவர்களிடம் இன்னும் கட்டுமரம் கட்டும் கைப்பழக்கம் இருக்கட்டும்.

மறுமொழி: வடசேரி வாசகர்

முடிவைப் பற்றி மட்டும் பேசுகிறேன், அத்துடன் மொழியைப் பற்றிச் சிறிது.

அணையை உடைக்க வேண்டாம். பேச்சிப்பாறை அணை 1906-இல் கட்டி முடிக்கப்பட்டது முதல் நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு அதன் நீர்தான் ஆதாரம். அதை உடைத்தால் முதலில் அடித்துக்கொண்டு போகப்படுபவர்கள் கீழே குடியிருக்கும் ஏழைகள். மதகர் மேட்டில் பத்திரமாக இருப்பார்கள். கொடுங்கோலர் கையில் இருக்கும் பொருளும் மக்களின் உயிர்நாடியும் ஒன்றே என்பதுதான் உங்கள் கதையின் மிகக் கடினமான இடம். வெடி வைத்து அதைத் தாண்டிப் போனால் வாசகரை ஏமாற்றியதாகும். மதகின் திறவுகோல் யார் கையில் இருப்பது, நிழல் ஊற்றாமல் மதகைத் திறக்க முடியுமா, முடியாதென்றால் எல்லோரும் சமமாகக் கொடுக்கச் சம்மதிப்பார்களா என்ற கேள்விகளை அல்லி எதிர்கொள்ளட்டும். லோயிஸ் லோரியின் ‘தி கிவர்’ நாவல் 1993-இல் வந்தபோது, கட்டுப்பாடு மிகுந்த தன் ஊரைவிட்டுத் தப்பியோடும் சிறுவன் ஜோனஸ் குழந்தையோடு பனிச்சறுக்கு வண்டியில் இறங்கும்போது தொலைவில் விளக்குகள் தெரிகின்றன, இசை கேட்கிறது என்ற அளவில் முடிந்தது. அவன் போய்ச் சேர்ந்தானா என்று இளம் வாசகர்கள் வாதாடிக்கொண்டே இருந்தார்கள். அந்த முடிவு நிற்பதற்குக் காரணம், அதற்கு முன்பே அவன் கொடுத்த விலை முழுமையாகக் காட்டப்பட்டுவிட்டது. நீங்களும் விலையைத் தெளிவாகக் காட்டுங்கள், விளைவைத் திறந்து வைக்கலாம்.

எதிர்ப்புக்கு ஒரு சின்னம் தேவைப்படும். காலின்ஸின் நாவலில் வரும் மாக்கிங்ஜே பறவை, ஆட்சியாளர் ஒட்டுக்கேட்பதற்காக உருவாக்கிக் கைவிட்ட பறவை இனத்திலிருந்து அவர்கள் எதிர்பாராமல் பிறந்தது. அவர்களின் கருவியே அவர்களுக்கு எதிரான அடையாளமாகிறது. உங்களிடம் சிரட்டை இருக்கிறது. வெட்டு இல்லாத நாட்களில் தோட்டத்தில் சிரட்டையைக் கவிழ்த்து வைப்பார்கள் அல்லவா? ஒரு நாள் விடியற்காலையில் வரி வாங்க வருபவர்கள், தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் சிரட்டைகள் கவிழ்ந்திருப்பதைக் காண்கிறார்கள் என்று எழுதுங்கள். முழக்கம் எதுவும் வேண்டியதில்லை.

மொழியில், அறிவிப்புகளும் சட்டங்களும் இறுக்கமான அலுவலகத் தமிழில் இருக்கட்டும். வீட்டுக்குள் ‘எனக்க மோளே, வல்லதும் தின்னியா?’ என்று விளவங்கோட்டுப் பேச்சு ஒலிக்கட்டும். மணிமாளிகையில் சில மாதங்கள் இருந்த பிறகு அல்லியின் பேச்சில் அலுவலகத் தமிழ் கலக்கத் தொடங்கினால், அவள் என்ன ஆகிக்கொண்டிருக்கிறாள் என்பதை அம்மா ஒருத்திதான் முதலில் கண்டுபிடிப்பாள்.

குழித்துறை வாசகி:

மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன். முதல் 40 பக்கங்களை எடுத்துவிட்டு, பெண் பார்க்க மாலையில் வந்தவர்கள் அல்லியின் அக்காவை முற்றத்தில் வெயிலில் நிற்கச் சொல்லும் காட்சியிலிருந்து தொடங்குகிறேன். அணை உடைவதை நீக்கிவிடுகிறேன். இறுதிக் காட்சி மாத்தூர்ப் பாலத்தின் மேல் நடக்கும்: 115 அடி உயரத்தில், வற்றிய தொட்டியின் ஓரத்து நடைபாதையில் இரு குன்றின் மக்களும் எதிரெதிரே வந்து, யார் எவ்வளவு கொடுப்பது என்று பேரம் பேசுவார்கள். விசாரணை அறையில் அல்லி தரும் வாக்குமூலம் என்ற கூற்றுமுறையையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அப்படியானால் பாலத்துப் பேரத்துக்குப் பிறகும் விசாரிக்கிறவர் ஒருவர் இருக்க வேண்டும். அவர் பழைய மதகரா, புதிதாகப் பொறுப்பேற்ற நம் ஆட்களில் ஒருவரா என்பதில் உங்கள் கருத்து என்ன, ஆசிரியர் ஐயா?

மறுமொழி: தக்கலை ஆசிரியர்

நம் ஆட்களில் ஒருவராகவே இருக்கட்டும், அம்மா. அல்லியோடு பாலத்தில் நின்றவர், இப்போது அவள் நிழலின் நீளத்தை அளந்து பதிவேட்டில் எழுதுபவர். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. கோடையில் தண்ணீர் போதவில்லை என்ற உண்மையான கவலை அவருக்கு இருந்தால் போதும். அவர் யார் என்பதைக் கடைசி அத்தியாயம் வரை வாசகருக்குச் சொல்லாதீர்கள். ஆனால் அவர் கேட்கும் கேள்விகளை ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் இரண்டு வரிகளில் வைத்துக்கொண்டே போங்கள்.